திரை ஓரத்தில் துணைமெனு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

சனிக்கிழமைக் காலைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மூத்தவர்களுக்குக் கணினி சொல்லித் தரும் வகுப்பில் நானும் உதவிக்கு நிற்பதுண்டு. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் அங்கே வருவார். ஒருநாள் அவர் திரையின் இடப்பாதியில் ஒரு கடிதத்தையும் வலப்பாதியில் பேரக் குழந்தைகளின் படங்களையும் திறந்து வைத்திருந்தார். ஒரு படத்தின் மீது வலச்சொடுக்குச் செய்து, வந்த மெனுவில் ‘திருத்து’ என்ற வரியைச் சொடுக்கினார். எதையும் இருமுறை சொடுக்கியே பழகிய கை அது. முதல் சொடுக்கில் துணைமெனு திறந்தது. வலப்புறம் இடமில்லாததால் அது முதல் மெனுவின் மேலேயே வந்து உட்கார்ந்தது. இரண்டாவது சொடுக்கு விழுந்த இடத்தில் அப்போது ‘திருத்து’ இல்லை, ‘நீக்கு’ இருந்தது. “தம்பி, நான் ஒன்றுமே செய்யவில்லையே, படம் எங்கே போனது?” என்று கேட்டார். மறுசுழற்சித் தொட்டியிலிருந்து படத்தை மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை: தவறு அவருடையது அன்று, துணைமெனுவை எங்கே வைப்பது என்று தீர்மானித்த நிரலுடையது.

கணித்தமிழ்க் கலைச்சொற்களில் மெனுவைப் ‘பட்டி’ என்பார்கள். எங்கள் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் மாடு கட்டும் இடம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது என்பதால் இங்கேயும் மெனு என்றே எழுதுகிறேன். ஒரு மெனுவில் சில வரிகளின் கடைசியில் சிறு முக்கோணம் ஒன்று இருக்கும். அந்த வரியைத் தொட்டால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு மெனு திறக்கும், அதுவே துணைமெனு. எந்த வரியிலிருந்து அது பிறந்ததோ அதைத் தாய்வரி என்றும், அந்த வரி இருக்கும் மெனுவைத் தாய்மெனு என்றும் வைத்துக்கொள்வோம். தமிழையும் ஆங்கிலத்தையும் போல இடமிருந்து வலமாக எழுதும் மொழிகளில் துணைமெனு இயல்பாகத் தாய்மெனுவின் வலப்பக்கம் திறக்கும். அதன் முதல் வரி தாய்வரியின் உயரத்திலேயே தொடங்கும். திரையின் நடுவில் இருக்கும்வரை இதில் சிக்கல் ஏதுமில்லை. ஓரத்துக்கு வந்தால்தான், இருக்கிற இடத்துக்குள் எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பது என்ற கேள்வி எழுகிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். 1366 பிக்சல் அகலமும் 768 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு மடிக்கணினித் திரையை எடுத்துக்கொள்வோம். இடது ஓரத்திலிருந்து 1100ஆவது பிக்சலில் வலச்சொடுக்குச் செய்கிறீர்கள். மெனுவின் அகலம் 240. அது 1100 முதல் 1340 வரை பரவும், திரைக்குள் அடங்கிவிடுகிறது. துணைமெனுவின் அகலம் 220 என்றால், வலப்பக்கம் திறக்கும்போது அது 1340இல் தொடங்கி 1560இல் முடிய வேண்டும். திரையோ 1366இலேயே முடிந்துவிடுகிறது. 194 பிக்சல் வெளியே போய்விடும்.

இங்கே நிரலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, துணைமெனுவை இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்து திரைக்குள் அடக்குவது. இதை நகர்த்தல் என்போம். மற்றது, தாய்மெனுவின் மறுபக்கத்துக்கே அதைக் கொண்டுபோய்த் திறப்பது. இதைப் புரட்டல் என்போம். நகர்த்தினால் துணைமெனு 1146 முதல் 1366 வரை அமையும். அதாவது, தாய்மெனுவின் 240 பிக்சலில் 194 பிக்சல் மறைந்துபோகும். தாய்வரியின் நடுவில், 1200ஆவது பிக்சலில், நின்றுகொண்டிருக்கும் அம்புக்குறியின் கீழே இப்போது வேறொரு கட்டளை இருக்கிறது. ஐயாவின் படம் மறைந்தது இப்படித்தான். புரட்டினால் துணைமெனு 880 முதல் 1100 வரை அமையும். எதுவும் மறைவதில்லை, அம்புக்குறியின் கீழே தாய்வரியே இருக்கிறது, எத்தனை முறை சொடுக்கினாலும் ஆபத்தில்லை.

சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் வீட்டு வாசலின் இரும்புக் கேட் பொதுத் தாழ்வாரத்தை நோக்கித் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் சுவர் இடித்தால் கீலை மறுபக்கம் மாற்றிப் பொருத்துவார்களே தவிர, கேட்டை வாசலின் குறுக்கே நகர்த்தி வைப்பதில்லை. வைத்தால் வீட்டுக்குள் எப்படிப் போவது? ஆகவே முதல் விதி இதுதான்: கிடைமட்டத்தில் இடம் போதாவிட்டால் துணைமெனுவைப் புரட்ட வேண்டும், நகர்த்தக் கூடாது.

மேலும் கீழுமாக இடம் போதாதபோது இதே விதி பொருந்தாது என்பதைப் புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை. விண்டோஸ் 10இல் திரையின் அடியில் இருக்கும் பணிப்பட்டை இயல்பான அளவில் 40 பிக்சல் உயரம் எடுத்துக்கொள்ளும். எனவே 768இல் நமக்குக் கிடைப்பது 728தான். தாய்வரி மேலிருந்து 600ஆவது பிக்சலில் இருக்கிறது, துணைமெனுவில் 9 வரிகள், வரிக்கு 24 பிக்சல், ஆக உயரம் 216 என்று கொள்வோம். தாய்வரியின் நேரே தொடங்கினால் அது 816இல் முடியும், 88 பிக்சல் கூடுதல். மேல்நோக்கி 88 பிக்சல் நகர்த்தினால் போதும்: 512 முதல் 728 வரை முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் அது தாய்மெனுவுக்கு வெளியேதான் இருக்கிறது என்பதால் எந்த வரியையும் மறைப்பதில்லை. மாறாக, இங்கேயும் புரட்டித் தாய்வரியின் அடிமட்டத்தோடு துணைமெனுவின் அடிமட்டத்தைப் பொருத்தினால் அது 408இல் தொடங்கும். முதல் வரி தேவையின்றி இன்னும் மேலே போய்விடும். கண் அதைத் தேடிக்கொண்டு ஏற வேண்டும். அதனால் பக்கவாட்டில் புரட்டல், மேலும் கீழுமாக நகர்த்தல். இரண்டு திசைகளுக்கும் ஒரே விதியை எழுதிவிட்டுத் திண்டாடும் நிரல்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

லினக்ஸ் கணினிகளில் சாளரங்களைத் திரையில் அமைக்கும் வேலண்ட் என்னும் நெறிமுறையில் இந்தச் சிந்தனை வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளது. அங்கே ஒரு செயலிக்குத் தன் சாளரம் திரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே ஓரத்தில் இருக்கிறோமா என்று அதனால் கணக்கிட முடியாது. ‘இந்தத் தாய்வரியின் பக்கத்தில் இந்த அளவில் ஒரு மெனு வேண்டும், இடம் போதாவிட்டால் இன்னின்ன மாற்றங்களுக்குச் சம்மதம்’ என்று அது விண்ணப்பம் போல எழுதிக் கொடுக்கும். சம்மதங்கள் மூன்று வகை: புரட்டல், நகர்த்தல், சுருக்கல். அவற்றைக் கிடைமட்டத்துக்குத் தனியாகவும் செங்குத்துக்குத் தனியாகவும் கொடுக்கலாம். பல சம்மதங்கள் ஒருசேர இருந்தால் சாளரங்களை அமைக்கும் நிரல் முதலில் புரட்டிப் பார்க்கும், பிறகு நகர்த்திப் பார்க்கும், கடைசியாகத்தான் சுருக்கும். புரட்டியும் இடம் போதவில்லை என்றால் புரட்டலைக் கைவிட்டுப் பழைய பக்கத்துக்கே திரும்பிவிடும் என்ற நுணுக்கமும் அதில் உண்டு. வலைப்பக்கங்களை வடிவமைக்கும் சிஎஸ்எஸ் மொழியிலும் இடம் போதாதபோது மறுபக்கம் புரட்டச் சொல்லும் வசதி வந்துவிட்டது. குரோம் உலாவி 2024இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனாலும் நிரல்கள் அதிகம் வழுக்கி விழுவது மூன்றாவது மெனுவில்தான். நம் எடுத்துக்காட்டில் முதல் மெனு 1100 முதல் 1340 வரை, புரட்டப்பட்ட இரண்டாவது மெனு 880 முதல் 1100 வரை. இரண்டாவதிலிருந்து 200 பிக்சல் அகலமுள்ள மூன்றாவது மெனு ஒன்று திறக்க வேண்டும். ‘முதலில் வலப்பக்கம் இடம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இடப்பக்கம் போ’ என்ற விதியை நிரல் ஒவ்வொரு மெனுவுக்கும் புதிதாகப் பின்பற்றினால் என்ன ஆகும்? வலப்பக்கம் 1100 முதல் 1300 வரை திரைக்குள்தானே இருக்கிறது, இடமிருக்கிறது என்று அது முடிவுகட்டும். அந்த இடத்தில்தான் முதல் மெனு இருக்கிறது! பாட்டியின் மடியில் பேத்தி ஏறி உட்கார்ந்த கதையாக, மூன்றாவது மெனு முதல் மெனுவை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிடும். எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பதே பயனருக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே ஒருமுறை இடப்பக்கம் திரும்பிய சங்கிலி இடப்பக்கமே தொடர வேண்டும். 680 முதல் 880 வரை மூன்றாவது, அதற்கடுத்து இன்னும் இடப்பக்கம் நான்காவது என்று போக வேண்டும். இடது ஓரம் இடித்தால் மட்டுமே மறுபடி வலப்பக்கம் திரும்பலாம். அதாவது, துணைமெனு தன் தாயின் நிலையை மட்டும் பார்த்தால் போதாது. தாய் எந்தத் திசையில் பிறந்தாள் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நிரலில் இது ஒரே ஒரு ‘மாறி’, அதாவது ஒரு மதிப்பைக் குறித்து வைக்கும் இடம். அந்த ஒன்றைச் சேர்க்க மறப்பதால் வரும் குழப்பம்தான் பெரிது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இன் ஸ்டார்ட் மெனுவை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும்: திரையின் இடது கீழ்மூலையில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வலப்புறம் மெனுக்கள் விரிந்துகொண்டே போகும். நிறையச் செயலிகளை நிறுவியவர்களின் திரையில் அந்த ஊர்வலம் வலது ஓரத்தை முட்டியதும் வந்த வழியே திரும்பத் தொடங்கிவிடும். மூன்றடுக்குக்கு மேல் மெனு கட்டுவதே தவறு என்று எனக்குத் தோன்றுவது அந்தக் காலத்துப் பழக்கத்தால்தான்.

திறந்தால் மட்டும் போதாது, அங்கே போய்ச் சேரவும் வேண்டும். தாய்வரியிலிருந்து துணைமெனுவின் கீழ்வரிக்குப் போகும் கை இயல்பாகக் குறுக்காகவே செல்லும். வழியில் தாய்மெனுவின் வேறு வரிகள் மீது அம்புக்குறி பட்டால், அந்த வரிதான் வேண்டும்போலும் என்று நிரல் எண்ணித் திறந்த துணைமெனுவை மூடிவிடக் கூடாது. மூடினால், 24 பிக்சல் உயரமுள்ள தாய்வரிக்குள்ளேயே நேர்கோட்டில் நகர வேண்டிய கட்டாயம் வந்துவிடும். இப்படிக் குறுகிய பாதையில் அம்புக்குறியைச் செலுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்பதை 1997இல் ஜானி ஆக்கோ, ஷுமின் ஜாய் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு சமன்பாடாகக் கொடுத்தனர்: பாதையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் வரும் எண் கூடக்கூட நேரமும் கூடும். கைநடுக்கம் உள்ள மூத்தவர்களுக்கு இது வெறும் சமன்பாடு அன்று, வகுப்பில் ஒவ்வொரு வாரமும் நான் கண்ணால் காண்கிற திணறல்.

இதற்கான தீர்வை 1980களிலேயே ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய புரூஸ் டோக்னாசினி வகுத்துவிட்டார். அம்புக்குறி நிற்கும் புள்ளியிலிருந்து துணைமெனுவின் அருகிலுள்ள இரு மூலைகளுக்கும் கோடு இழுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணத்துக்குள் துணைமெனுவை நோக்கி நகரும்வரை அதை மூட வேண்டாம் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். விண்டோஸ் வேறு வழியை எடுத்துக்கொண்டது: ஒரு வரியின் மீது அம்புக்குறி சிறிது நேரம், இயல்பாக 400 மில்லி விநாடி, நின்றால்தான் அதன் துணைமெனு திறக்கும் என்று வைத்தது. காத்திருப்பதைவிட முக்கோணமே எனக்குப் பிடித்தது.

ஓரத்தில் நடப்பதோடு இதற்குத் தொடர்பு இருக்கிறது. துணைமெனு புரண்டு இடப்பக்கம் திறந்தால் முக்கோணமும் இடப்பக்கம் புரள வேண்டும். ‘அம்புக்குறி வலப்பக்கம் போகிறதா’ என்று மட்டும் பார்க்கும்படி எழுதப்பட்ட நிரலில், புரண்ட துணைமெனுவை நோக்கிக் கை நகர நகர அது மூடிக்கொள்ளும். துரத்தினால் ஓடும் பூனையைப் போல. இன்னொன்றும் உண்டு. வலச்சொடுக்கிய இடத்திலேயே மெனுவின் இடது மேல்மூலை அமைவது வழக்கம் என்பதால், அம்புக்குறி பெரும்பாலும் மெனுவின் இடது ஓரத்துக்குத்தான் அருகில் இருக்கும். நம் கணக்கில் 1200இல் நிற்கும் அம்புக்குறிக்கு வலது ஓரம் 140 பிக்சல், இடது ஓரமோ 100 பிக்சல்தான். புரண்ட துணைமெனு கைக்கு இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பது நல்லதே. ஆனால் கை சற்றே இடப்பக்கம் சாய்ந்தாலும் தெரியாமல் அதற்குள் விழுந்துவிடலாம் என்பதால், ‘நீக்கு’ போன்ற கட்டளையைத் துணைமெனுவின் முதல் வரியாக வைக்காமலிருப்பது நலம்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. கோப்பை வேறு பெயரில் சேமிக்கும் கட்டளை சீனத்தில் மூன்றே எழுத்துகளில் முடிந்துவிடும். தமிழில் ‘இவ்வாறு சேமி’ என்று எழுத வேண்டும்; ‘அனைத்தையும் தேர்ந்தெடு’ இன்னும் நீளம். ஒரே செயலியை ஒரே கணினியில் சீனத்தில் திறந்தால் ஓரத்தில் அடங்குகிற துணைமெனு, தமிழில் திறந்தால் முட்டிக்கொள்ளும். ஆகவே அகலத்தை ஓர் எண்ணாக நிரலில் எழுதி வைக்காமல், எழுத்துகளை வரைந்து அளந்த பிறகே பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். மலாய் மொழியை ஜாவி எழுத்தில் எழுதும்போது வரி வலமிருந்து இடமாக ஓடும். அப்படி ஓடும் இடைமுகத்தில் இயல்பான பக்கமே இடப்பக்கம்தான், புரட்டினால் வலப்பக்கம். மேலே சொன்ன எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூத்தவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்குவதும் இதே விளைவைத் தரும். 1920 பிக்சல் திரையில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கினால், மெனுவின் கணக்குக்குத் திரை 1280 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. நிரல் எழுதுகிறவரின் மேசையில் அகலமான திரையும் சிறிய எழுத்துமாக இருப்பதால், அவர் வாழ்நாளில் ஓரத்தை முட்டுவதே அரிது. ஐயாவோ தினமும் முட்டுகிறார்.

தொடுதிரை மடிக்கணினி வாங்கிய சிலர் ‘என் கணினியில் மெனுக்கள் எல்லாம் இடப்பக்கமாகவே விழுகின்றனவே, பழுதா?’ என்று கேட்பதுண்டு. பழுதன்று. வலக்கையால் திரையைத் தொடுகிறவருக்கு வலப்பக்கம் திறக்கும் மெனு அவர் கைக்கு அடியிலேயே மறைந்துவிடும் என்பதால், வலக்கையர் என்று தேர்ந்தால் மெனுக்களை இடப்பக்கம் திறக்கும் அமைப்பு ஒன்று விண்டோஸில் இருக்கிறது. சுட்டியால் வேலை செய்பவர் அதை இடக்கையர் என்று மாற்றிக்கொண்டால் மெனுக்கள் பழையபடி வலப்பக்கம் வரும். ஓரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

விசைப்பலகையைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: வலது அம்புவிசை துணைமெனுவைத் திறக்கும், இடது அம்புவிசை மூடும் என்ற பழக்கம் துணைமெனு எந்தப் பக்கம் புரண்டாலும் மாறக் கூடாது. விரலுக்குத் திரையின் ஓரம் எங்கே என்று தெரியாது. திரையைப் பார்க்காமல் திரைவாசிப்பானின் குரலைக் கேட்டு வேலை செய்பவர்களுக்கு மெனு புரண்டது என்பதே தெரியாது.

இரண்டு திரைகளை அடுத்தடுத்து வைத்திருப்பவர்களுக்கு நடுவிலும் ஓர் ஓரம் உண்டு. துணைமெனு பாதி ஒரு திரையிலும் மீதி மற்றதிலும் தொங்கினால், நடுவிலுள்ள சட்டங்கள் ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்துவிடும். தாய்மெனு எந்தத் திரையில் இருக்கிறதோ அந்தத் திரையின் எல்லையையே துணைமெனுவும் தன் எல்லையாகக் கொள்ள வேண்டும். விண்டோஸில் முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இன்னொரு திரையை வைத்தால் அங்கே கிடைமட்ட எண்கள் பூச்சியத்துக்குக் கீழே போகும். ‘எண் பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியமாக்கு’ என்று யாரோ நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி, இடத்திரையில் திறக்க வேண்டிய மெனுவை வலத்திரைக்குத் தூக்கி எறிந்துவிடும்.

சில வேளைகளில் எந்தப் பக்கமும் இடம் இருக்காது. உயரம் போதாவிட்டால் துணைமெனுவைத் திரையின் உயரத்துக்குச் சுருக்கி, மேலும் கீழும் உருட்டுவதற்குச் சிறு அம்புகளை வைக்கலாம். அகலம் இரு பக்கமும் போதாவிட்டால் வேறு வழியில்லை, தாய்மெனுவின் ஒரு பகுதியை மூடித்தான் ஆக வேண்டும். அப்போதும் அதிக இடம் உள்ள பக்கத்தைத் தேர்ந்து, தாய்வரியின் ஒரு துண்டாவது தெரியும்படி வைக்க வேண்டும். அம்புக்குறியின் கீழே ஒரு கட்டளை வந்து விழுந்தால், கை ஒருமுறை அசையும்வரை அந்தக் கட்டளை சொடுக்கை ஏற்காமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு சிறு தடுப்பு இருந்திருந்தால் ஐயாவின் இரண்டாவது சொடுக்கு வீணாகிப் போயிருக்கும், படம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

நீங்களே மெனு எழுதுகிறவர் என்றால் சோதிப்பதற்கு அரைமணி நேரம் போதும். சாளரத்தைத் திரையின் நான்கு மூலைகளுக்கும் இழுத்துச் சென்று, ஒவ்வொரு மூலையிலும் கடைசி அடுக்குவரை திறந்து, குறுக்காகக் கையை நகர்த்தி, இருமுறை சொடுக்கிப் பாருங்கள். பிறகு எழுத்தை ஒன்றரை மடங்கு ஆக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, அதே நான்கு மூலைகளுக்கும் மறுபடி போங்கள். வலது கீழ்மூலையை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான பிழைகள் அங்கேதான் காத்திருக்கும்.